எது, எவ்வளவு, கடைசியாக எப்போது: போதையில் சிக்கிய பிள்ளைக்கு வீட்டார் செய்ய வேண்டியவை

நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. அவசர சிகிச்சைப் பிரிவில் தள்ளுகட்டிலில் கிடந்த என் அக்கா மகனின் வாயோரம் நுரையும் இரத்தமும் காய்ந்திருந்தன. வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். பணியில் இருந்த மருத்துவர் மூன்றே கேள்விகள் கேட்டார். "என்ன எடுத்துக்கொண்டிருந்தான்? ஒரு நாளைக்கு எவ்வளவு? கடைசியாக எப்போது?" அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோத்தகிரி பஜாரில் 22 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறவள் நான். ஒரு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்த வலிப்புக்குக் காரணமே நான் சொன்ன யோசனைதான். திருப்பூரில் வேலையை விட்டுவிட்டு மெலிந்துபோய் வந்து நின்ற பிள்ளையைப் பார்த்துப் பயந்து அக்கா ஓடிவந்தபோது, "வெளியே விடாதே, இரண்டு நாள் அறைக்குள் பூட்டி வை, எல்லாம் இறங்கிவிடும்" என்று சொன்னவள் நான். மாதக்கணக்காகத் தினமும் மதுவும் தூக்க மாத்திரையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது மருந்தாளுநர் படிப்பில் நான் படித்த பாடம். ஆனால் அவன் எடுத்துக்கொண்டது எது என்று நான் கேட்கவே இல்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் ஆயிரம் முறை கேட்டோம்.

அவன் பிழைத்துக்கொண்டான். அந்த இரவுக்குப் பிறகு கடைக்கு வந்து கண்கலங்கி நிற்கும் ஒவ்வொரு தாயிடமும் நான் சொல்லிவருவதைத்தான் இங்கே எழுதுகிறேன். "ஏன்" என்ற கேள்வி பிறகு இருக்கட்டும். முதலில் எது, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் அந்தப் பதில்களைப் பொறுத்தது.

நம் வீட்டுக்கு மட்டும் வந்ததல்ல

வீட்டில் ஒருவன் இப்படி ஆகிவிட்டால் ஊரிலேயே நமக்கு மட்டும்தான் இந்தத் தலைகுனிவு என்று தோன்றும். மத்திய அரசு எய்ம்ஸ் மருத்துவமனையின் வழியாக நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 வயதிலிருந்து 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். ஏறக்குறைய 3 கோடிப் பேர் கஞ்சா, பாங் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். 2 கோடிக்கு மேற்பட்டோர் அபின், ஹெராயின், அந்த இனத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகளை எடுக்கிறார்கள். மருத்துவக் காரணமின்றித் தூக்க மாத்திரை, மயக்க மாத்திரை எடுப்பவர்கள் ஒரு கோடிக்கு மேல். ஊசி வழியாக ஏற்றிக்கொள்பவர்கள் எட்டரை லட்சம் பேர். பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம்தான் அதிகம் என்பதும் அதில் வந்தது. என்னைத் தூங்கவிடாத எண்கள் வேறு இரண்டு. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கும், மற்றப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவருக்கும்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்றவர்களெல்லாம் நம்மைப்போலக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்கள்.

மலையில் ஒளித்துவைக்க இடம் அதிகம். தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு வளைவு திரும்பினால் ஆள் தெரியாது. கோவைக்கும் திருப்பூருக்கும் படிக்கவும் வேலைக்கும் போகும் பிள்ளைகள் மாதக்கணக்கில் கண்ணில் படுவதில்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்த ஆண்டுகளில் தோட்டத்தை நம்பிய குடும்பங்கள் பிள்ளைகளைக் கீழே அனுப்பின. என் அக்காவும் அப்படித்தான் அனுப்பினாள்.

எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

சமவெளியில் சொல்லும் அடையாளங்கள் பல இங்கே உதவாது. ஊசி போடுகிறவன் வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிவான் என்பார்கள். நம் ஊரில் மே மாதத்திலும் பாதிப் பேர் ஸ்வெட்டரில்தான் இருக்கிறார்கள். கண் சிவந்திருக்கும் என்பார்கள். விறகடுப்புப் புகையிலும் பனிக்காற்றிலும் யாருக்குத்தான் சிவக்கவில்லை? ஒரு நாள் அடையாளத்தை நம்பாதீர்கள். முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள மாற்றத்தைப் பாருங்கள். தூக்க நேரம் தலைகீழாக மாறுவது, பழைய நண்பர்கள் ஒட்டுமொத்தமாக மறைந்து புதியவர்கள் வாசலுக்கு வராமல் சாலைத் திருப்பத்திலேயே நின்று கூப்பிடுவது, குளிக்க மறுப்பது, சிறுசிறு தொகைகள் காணாமல் போவது, இவை ஒன்றிரண்டு மாதங்களில் சேர்ந்தே வந்தால் கவனியுங்கள்.

என் கடைப் பலகையின் இந்தப் பக்கம் நின்று நான் கற்றவை சில உண்டு. கண்ணில் நோயில்லாத பையன் வாரந்தோறும் கண் சிவப்பை நீக்கும் சொட்டு மருந்து வாங்குவான். வீட்டில் சர்க்கரை நோயாளி யாரும் இல்லை, இன்சுலின் சிரிஞ்சு மட்டும் கேட்பான். ஒரே மருந்துச் சீட்டின் ஜெராக்ஸ் பிரதி மூன்று கடைகளில் சுற்றும். தேதி மட்டும் திருத்தப்பட்டிருக்கும். "பாட்டிக்குத் தூக்கம் வரவில்லை அக்கா, ஒரு அட்டை கொடுங்கள், சீட்டை நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்பான். அல்பிரசோலம், நைட்ரசிபாம் என்ற தூக்க, மயக்க மாத்திரைகள், டிரமடால் என்ற வலி மாத்திரை, கோடின் கலந்த இருமல் மருந்துகள் இவற்றையெல்லாம் மருத்துவரின் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது. 2014 மார்ச் முதல் இவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்து நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு மூன்றையும் எழுதியாக வேண்டும். டிரமடால் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழேயே வந்துவிட்டது. இந்தப் பதிவேட்டை ஒழுங்காக எழுதாத கடைக்காரர் ஒவ்வொருவரும் யாரோ ஒரு வீட்டைக் கெடுக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டில் உங்கள் பிள்ளையின் சட்டைப்பையிலோ குப்பையிலோ காலி மாத்திரை அட்டை கிடைத்தால் கோபத்தில் கிழித்து எறியாதீர்கள். மருந்தின் பெயர் அச்சான துண்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது மருத்துவருக்குத் தேவைப்படும்.

இருமல் மருந்துக் காலிப் பாட்டில்கள், பஞ்சர் ஒட்டும் பசைக் குழாய், தின்னர் வாடை வீசும் கைக்குட்டை, வாயைச் சுற்றிப் புண் இவையும் கண்ணில் படலாம். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் பசை, தின்னரைத்தான் முதலில் சந்தேகியுங்கள். அவனால் வாங்க முடிகிற விலையில் கிடைப்பவை அவை.

எப்படிக் கேட்பது

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவமனையிலிருந்து வந்து மூன்றாவது வாரம். முற்றத்துத் திண்ணையில் ஒரு மூட்டைப் பச்சைப் பட்டாணியைக் கொட்டி வைத்து உரித்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நான் முகத்தைப் பார்க்கவில்லை. கை வேலையில்தான் கண். விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்ததால் அவனுக்கு நெற்று பிளக்கவில்லை. நகத்தால் அல்ல, நுனியை அழுத்து என்று காட்டினேன். சிறிது நேரம் கழித்து, "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போட்டாய், தம்பி?" என்று விலை கேட்கும் குரலில் கேட்டேன். "முதலில் இரண்டு. அப்புறம் ஒரு அட்டை தீர்ந்துவிடும், சித்தி" என்றான். "மதுவோடு சேர்த்தா?" "மது இல்லாமல் மாத்திரை வேலை செய்யவில்லை." பூச்சி அரித்த மணிகளைத் தனியே ஒதுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அந்தக் கூடை நிறைவதற்குள், போலீஸ்போல விசாரித்தும் வராத பதில்கள் வந்துவிட்டன.

நேருக்கு நேர் உட்கார வைத்து, தந்தை, மாமா, பெரியப்பா என்று சுற்றி நின்று கேட்டால் எவனும் வாய் திறக்க மாட்டான். பக்கவாட்டில் இருந்து கேளுங்கள்; நடக்கும்போது, உருளைக்கிழங்கு தோண்டும்போது, வண்டியில் போகும்போது. அவன் போதையில் இருக்கும்போது கேட்கவே வேண்டாம்; காலையில் தெளிவாக இருக்கும் வேளையைப் பாருங்கள். "உன்னால் என் மானம் போனது" என்பதை அன்றைக்காவது விட்டுவிடுங்கள். "நீ என்ன எடுத்தாய் என்று தெரிந்தால்தான் உன்னை வலியில்லாமல் மீட்க முடியும், அடிக்க மாட்டேன், மருத்துவரைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள், சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை வாக்குத் தவறினால் அடுத்த முறை அவன் உங்களிடம் வரமாட்டான்.

கேட்டதைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள். பொருளின் பெயர் அல்லது அவர்களுக்குள் வழங்கும் பெயர், ஒரு நாள் அளவு, எத்தனை மாதமாக, வாயிலா, புகையா, முகர்வதா, ஊசியா, கூடவே வேறு என்ன, கடைசியாக எடுத்த தேதி, மணி, முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா, எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் கடைசிச் செய்தி அற்பமாகத் தோன்றும். நெடுநாள் குடித்துப் பட்டினி கிடந்தவனுக்குத் தயாமின் என்ற வைட்டமின் பி1 வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் முன்னதாகவே பி1 ஊசி போடுவார்.

பொருளுக்குப் பொருள் ஆபத்து வேறு

மதுவும் தூக்க மாத்திரையும்தான் நிறுத்தும்போது கொல்லக்கூடியவை. நாள் முழுக்கக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளுக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கும். இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவார்கள், இறந்துபோனவர்களோடு பேசுவார்கள். ஊரில் இதைப் பேய்க்கோளாறு என்று எண்ணி மந்திரிக்க அழைத்துப் போனவர்களை நான் அறிவேன். கயிறு கட்டுங்கள், வேண்டுதல் வையுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் மருத்துவமனை. மாத்திரையாக இருந்தால் மருத்துவர் வாரக்கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார். வீட்டுக் காவலில் இதைச் செய்ய முடியாது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று குடிப்பது நம் மலையின் பழைய நம்பிக்கை. மது தோலுக்கு அடியில் உள்ள நாளங்களை விரியச் செய்கிறது. அதனால் சூடு ஏறுவதாகத் தோன்றும், உண்மையில் உடம்பின் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவில் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடப்பவரை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். விடிவதற்குள் உயிர் போய்விடலாம்.

ஹெராயின், டிரமடால், டேபென்டடால் போன்ற அபின் இன மருந்துகள் வேறு மாதிரி. நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி வந்துகொண்டே இருக்கும், மயிர்க்கூச்செறியும், வயிறு போகும், எலும்பெல்லாம் முறிவதுபோல வலிக்கும். பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் இது மட்டும் உயிரை எடுப்பதில்லை, நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயிரை எடுப்பது அளவு மிஞ்சும்போதுதான்: மூச்சு மெல்லக் குறைந்து நின்றுவிடும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் அந்த ஆபத்து பன்மடங்கு. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு கேடு. மாத்திரையில் மருந்து மட்டுமல்ல, அதை வில்லையாக நிறுத்தி வைக்கும் மாவும் டால்க் தூளும் உண்டு. அவை நுண்ணிய இரத்த நாளங்களை அடைத்து நுரையீரலையும் கெடுக்கும். கையில் சீழ்க்கட்டி, இதய வால்வில் கிருமி, ஒரே ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி. ஊசி போட்டிருக்கிறான் என்று தெரிந்தால் அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு அழைத்துச் சென்று பரிசோதியுங்கள். இலவசம், இரகசியம் காக்கப்படும். காமாலை சி இன்று மாத்திரையால் குணமாகும் நோய். அந்தச் சிகிச்சையும் அரசுத் திட்டத்தில் இலவசம்.

கஞ்சா மூலிகைதானே என்று வாதாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வளரும் வயதில் தொடங்குகிறவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் அடிமையாகிறார். ஞாபகமும் படிப்பும் மங்கும். குடும்பத்தில் மனநோய் இருந்தால் சந்தேகமும் காதில் குரல் கேட்பதுமான பிறழ்வு முன்கூட்டியே வெடிக்கலாம். நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை. இதை வீட்டிலேயே தாங்கலாம். ஆனால் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னால் அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

பசை, தின்னர் முகரும் பிள்ளையைக் கண்டால் ஓடித் துரத்தாதீர்கள், கத்தாதீர்கள். அந்த ஆவி இதயத்தைத் தூண்டிவிட்ட நிலையில் திடீர் அதிர்ச்சியும் ஓட்டமும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே விழுந்து இறந்த பிள்ளைகள் உண்டு, அதுவும் முதல் முறை முகர்ந்தபோதே. அமைதியாகப் பேசி, காற்றோட்டமான இடத்துக்கு அழைத்து வாருங்கள்.

இன்று இரவே மயங்கிக் கிடந்தால்

தட்டியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, குறட்டைபோலக் களகளவென்று சத்தம், உதடும் நகமும் நீலம், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். எஸ்டேட் பெயர், லயன் (தொழிலாளர் வீட்டு வரிசை), அருகில் உள்ள கோயில் அல்லது ரேஷன் கடை என்று அடையாளம் சொல்லுங்கள். டார்ச்சோடு இரண்டு பேரைச் சாலை முனையில் நிற்கச் சொல்லுங்கள். கரடி நடமாட்டம் உள்ள ஊரில் ஒற்றை ஆளை அனுப்பாதீர்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சாய்த்து, மேல்முழங்காலை மடித்து, வாந்தி வெளியே வழியும்படி முகத்தைத் தாழ்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால், பயிற்சி உள்ளவர் வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதி மார்பையும் அழுத்தலாம். பயிற்சி இல்லாதவர் 108-இல் பேசுகிறவர் சொல்கிறபடி மார்பை அழுத்திக்கொண்டே இருங்கள்.

புளிக்கரைசல், மோர், எலுமிச்சை எதையும் வாயில் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தலையில் குளிர்ந்த நீரைக் கொட்ட வேண்டாம். வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் வழக்கம், அதனால் பயனில்லை. பல்லுக்கு இடையே கரண்டி வைப்பதோ பல்லை உடைக்கும். சுற்றியிருக்கும் பொருள்களை நகர்த்தி, தலைக்கு அடியில் துணி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடம் நீடித்தது என்பதை மருத்துவர் கேட்பார்.

அபின் இனப் போதைக்கு நாலாக்சோன் என்ற முறிமருந்து ஊசி மருத்துவமனையில் உண்டு. போட்ட சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதைப் பார்த்து வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் போல்தான் அதன் வேலை. அது தீர்ந்ததும் பழைய விஷம் மறுபடி மூச்சை அமுக்கலாம்.

எங்கே போவது

அரசு மருத்துவமனைதான் என் முதல் பதில். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. எந்த நாளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு என்று முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 டெலி மானஸ், மனநல ஆலோசனைக்கு இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

போலீஸ் வந்துவிடுமோ என்பதுதான் எல்லாத் தாய்மாரின் பயமும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றமோ சிறிய அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்டவர், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால் அந்தக் குற்றத்துக்காக வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெற முடியும். நோயாளி சொல்வதை மருத்துவர் இரகசியமாக வைக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். பயந்துகொண்டு வீட்டில் வைத்திருப்பதுதான் ஆபத்து.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் நிதானமாகப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் போதை அடிமைத்தனமும் அடங்கும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்? பிள்ளையோடு தனியே பேச விடுவார்களா? சங்கிலியில் கட்டுவது அந்தச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. நள்ளிரவில் நான்கு ஆட்களோடு வேனில் வந்து தூக்கிக்கொண்டு போகிறோம் என்பவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். அப்படிப் போய்த் திரும்பிய ஒருவன் என் கடை வாசலில் நின்று மணிக்கட்டைக் காட்டினான். தழும்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சோற்றில் கலக்கும் மருந்து

இதைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். சென்ற மழைக்காலத்தில் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், ரெயின் கோட்டில் நீர் சொட்டச் சொட்ட வந்து, கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஈரமான 200 ரூபாயைப் பலகையில் வைத்து, "அம்மா, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கிக் கொடுக்க ஒரு மாத்திரை உண்டாமே" என்றார்.

அந்த மாத்திரை டைசல்ஃபிராம். மது உடம்பில் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு மேற்கொண்டு உடையாமல் தடுப்பதுதான் அதன் வேலை. மாத்திரை எடுத்தவர் குடித்தால் சில நிமிடங்களில் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்துபோகும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் பிடி இருக்கும். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, தானே சம்மதித்து, மருத்துவர் இதயத்தையும் கல்லீரலையும் பரிசோதித்த பிறகு எடுத்தால் அது நல்ல மருந்து. தெரியாமல் கலந்தால் அது விஷம் வைப்பதற்குச் சமம். விளம்பரப் பொடிகளும் அப்படியே. உள்ளே என்ன இருக்கிறது என்று அவற்றை விற்பவருக்கே தெரியாது.

அந்தப் பெண்ணிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினேன். அவருடைய கணவர் மருத்துவமனைக்குப் போக நான்கு மாதம் ஆனது. முதலில் போனவர் அந்தப் பெண்தான். குடிக்கிறவர் வர மறுத்தாலும் வீட்டார் தனியே போய் ஆலோசனை பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

திரும்பி வந்த பிறகு

மருத்துவமனையில் விஷம் இறங்கும் நாட்கள் பத்தோ பதினைந்தோதான். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அபின் இனத்துக்கு அடிமையானவர்களுக்கு பியூப்ரினார்ஃபின் போன்ற, அதே இனத்து மருந்தை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் கொடுக்கிறார்கள். "ஒரு போதையை விட்டு இன்னொன்றா" என்று அதைப் பிடுங்கி எறிந்த தந்தைகள் உண்டு. சர்க்கரை நோயாளியிடமிருந்து இன்சுலினைப் பிடுங்குவதைப் போன்றது அது.

மறுபடி சறுக்கலாம். இரண்டு, மூன்று முறைகூடச் சறுக்கலாம். அப்போதுதான் மிகுந்த எச்சரிக்கை தேவை: சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு சாதாரணமாக எடுத்த அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடும். வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் இதை அவனிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். யோசனை கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று தயங்காதீர்கள். குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றுங்கள். பாட்டியின் தூக்க மாத்திரையையும் தாத்தாவின் வலி மாத்திரையையும் பூட்டி வையுங்கள்.

சிறுநீர்ச் சோதனை அட்டை வாங்கித் திருட்டுத்தனமாகச் சோதிக்க வேண்டாம். கஞ்சாவை நெடுநாள் புகைத்தவனுக்கு நிறுத்தி மூன்று, நான்கு வாரம் ஆன பிறகும் அதில் காட்டலாம். உண்மையாகவே விட்டவனைப் பொய்யன் என்று அடிப்பீர்கள். மருத்துவர் கேட்டால், அவனுக்குத் தெரிந்தே சோதியுங்கள்.

கையில் மொத்தமாகப் பணம் கொடுக்காதீர்கள், ஆனால் வேலை கொடுங்கள். என் அக்கா மகன் முதலில் பட்டாணி உரித்தான், பிறகு என் கடையில் காலாவதி தேதி பார்த்துச் சரக்கைப் பிரித்தான். தூக்க மாத்திரை அலமாரிச் சாவி மட்டும் என் இடுப்பில்தான் இருந்தது. அவனுக்கும் அது தெரியும், அவனே அப்படி வைக்கச் சொன்னான். இப்போது மூன்றாவது ஆண்டு. நடுவில் ஒருமுறை குடித்தான். மறுநாள் காலை கடை திறக்கும் முன் வந்து ஒரு துண்டுச்சீட்டை நீட்டினான். எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதியிருந்தான். ஷட்டரைத் திறக்காமலேயே இருவரும் முதல் பஸ் பிடித்து ஊட்டிக்குப் போனோம்.